விளம்பரத்தை விசாரிக்கிறவர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தவறான விளம்பரங்களைப் பற்றி மும்பையில் உள்ள ஏ.எஸ்.சி.ஐ. (இந்திய விளம்பரத் தரக் குழுமம்) அமைப்புக்குப் புகார் அனுப்பலாம் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அந்த அமைப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்ததில் மனம் விட்டுப்போயிற்று. நிர்வாகக் குழு முழுக்க சோப்பு, எண்ணெய் விற்கிற கம்பெனிக்காரர்கள், விளம்பர ஏஜென்சிக்காரர்கள், டிவி, பத்திரிகைக்காரர்கள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதானே இது? பிரிட்டனில் இதே வேலையைச் செய்யும் ஏ.எஸ்.ஏ. அமைப்பின் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு பேர் விளம்பரத் தொழிலோடு சம்பந்தம் இல்லாதவர்கள் என்று படித்தேன். நம் நாட்டில் ஏன் அப்படிச் செய்யக்கூடாது? அல்லது பேசாமல் ஓய்வு பெற்ற நீதிபதிகளிடம் ஒப்படைத்துவிட்டால் என்ன?

இன்னொன்று. எங்கள் ஊரில் இரண்டு நீட் பயிற்சி மையங்கள் ஒரே மாணவியின் படத்தைப் போட்டு, இரண்டுமே 'எங்கள் மாணவி' என்று விளம்பரம் செய்கின்றன. இதற்கு எங்கே எழுதுவது?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

நீங்கள் பார்த்த பட்டியல் நிர்வாகக் குழுவினுடையது. பதினாறு பேர் கொண்ட அந்தக் குழுவில் விளம்பரதாரர்கள், ஏஜென்சிகள், ஊடகங்கள், சந்தை ஆய்வு போன்ற சார்புத் தொழில்கள் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. தலைவரும் தொழிலிலிருந்துதான் வருவார். 2020இல் தலைவரான சுபாஷ் காமத் பிபிஎச் ஏஜென்சிக்காரர். 2023இல் வந்த சௌகதா குப்தா, தேங்காயெண்ணெய் விற்கும் மாரிகோவின் நிர்வாக இயக்குநர். ஆனால் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது இந்தக் குழு அல்ல. அதற்கென்று நுகர்வோர் புகார்க் குழு என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், பேராசிரியர்கள், நுகர்வோர் இயக்கத்தினர் என்று தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள்தான் பெரும்பான்மை. ஆகவே பூனை இருப்பது உண்மை. ஆனால் பால் சட்டியின் பக்கத்தில் அது மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை.

பிரிட்டனை முன்மாதிரியாகச் சொல்கிறீர்கள். அங்கே நிலைமை உண்மையில் எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் பல நாடுகளும் பார்த்துக் காப்பியடிப்பது அதைத்தான்.

ஏ.எஸ்.ஏ.வைத் தொடங்கியது அரசாங்கம் அல்ல. அரசு சட்டம் போட்டுவிடுமோ என்ற பயத்தில் விளம்பரத் தொழிலே 1962இல் தொடங்கியது. முதல் தலைவர் சர் ஆர்னால்ட் பிளான்ட், லண்டன் பொருளாதாரப் பள்ளியின் பேராசிரியர். அதன் பிறகு வந்த தலைவர்களின் பெயர்களை வரிசையாகப் படித்தால் பிரபுக்கள் சபையின் வருகைப் பதிவேட்டைப் படிப்பதுபோல இருக்கும். லார்ட் ட்வீட்ஸ்முயர். பழமைவாதக் கட்சியின் முன்னாள் அமைச்சரான லார்ட் டிரமல்பின். தொழிற்கட்சி அமைச்சராக இருந்து ஐரோப்பிய ஆணையராகப் போன லார்ட் தாம்சன். சமூகவியல் பேராசிரியர் லார்ட் மெக்ரெகர், பத்து வருடம் இருந்தார், பிறகு பத்திரிகைப் புகார் ஆணையத்துக்கு முதல் தலைவராகப் போனார். லார்ட் ராட்ஜர்ஸ், தொழிற்கட்சியை உடைத்துக்கொண்டு வெளியேறிய நால்வரில் ஒருவர். நியாய வணிக அலுவலகத்தின் தலைமை இயக்குநராக இருந்த லார்ட் பாரி. முன்னாள் பண்பாட்டு அமைச்சர் லார்ட் ஸ்மித். 2017இல் வந்த லார்ட் கரி, ஒளிபரப்பையும் தொலைத்தொடர்பையும் கண்காணிக்கும் ஆஃப்காமின் முதல் தலைவர்.

இவர்களில் யாரும் விளம்பரத் தொழிலில் வளர்ந்தவர்கள் அல்ல. நீங்கள் கேட்டது இதைத்தான். எல்லாரும் கற்றவர்கள், நேர்மையானவர்கள் என்றே எடுத்துக்கொள்வோம். ஆனால் 'பொதுமக்களின் சார்பில்' என்று சொல்லி உட்காரவைத்தவர்களில் பொதுமக்கள் எங்கே?

தலைவர் பதவி அலங்காரத்துக்கு, மற்ற உறுப்பினர்கள் அப்படியில்லை என்று சொல்லலாம். பாதி உண்மை. உறுப்பினர் இடம் காலியானால் அங்கே பகிரங்கமாக அறிவித்து விண்ணப்பம் வாங்குகிறார்கள். மூன்று வருடப் பதவி, அதிகம் போனால் இன்னொரு மூன்று வருடம். யாருக்கு எந்த நிறுவனத்தோடு தொடர்பு என்பதைப் பதிவேட்டில் எழுதி வெளியிடுகிறார்கள். தொழிலிலிருந்து வருகிற மூன்றில் ஒரு பங்கினரும் தங்கள் கம்பெனியின் பிரதிநிதியாக அல்லாமல் தனிநபராகத்தான் உட்கார வேண்டும். இதெல்லாம் நாம் பின்பற்றத் தகுந்தவைதான். ஆனால் அந்த அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்துத் தேர்வாகிறவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் பாருங்கள். பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு மருத்துவமனை அறக்கட்டளையிலோ பல்கலைக்கழக மன்றத்திலோ வேறொரு ஒழுங்காற்று அமைப்பிலோ இருந்தவர்கள். கமிட்டியில் இருந்தவருக்குத்தான் அடுத்த கமிட்டி. நம் ஊர் கோயில் திருப்பணிக் குழு முதல் லண்டன் வரை இது ஒன்றுதான்.

நான் பிரிட்டிஷ் முறையை மட்டம் தட்டவில்லை. வெளியாட்கள் பெரும்பான்மையாக இருப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. கூட்டத்தின் சத்தத்துக்கு அவர்கள் பயப்படுவதில்லை. 2005இல் கேஎஃப்சி ஒரு விளம்பரம் போட்டது. கால் சென்டரில் வேலை செய்யும் பெண்கள் வாய் நிறைய சாலடை வைத்துக்கொண்டு பாடுவார்கள். 1,671 புகார்கள் வந்தன. குழந்தைகளுக்குக் கெட்ட பழக்கம் வரும் என்று பெற்றோர் கொதித்தார்கள். குழு அதில் தவறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. 2014இல் தென்னாப்பிரிக்க ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் மீதான கொலை வழக்கின் முடிவை வைத்துப் பந்தயம் கட்டச் சொன்ன பேடி பவர் என்ற பந்தயக் கம்பெனியின் விளம்பரத்துக்கு 5,525 புகார்கள். அதைத் தடை செய்தார்கள். புகார்களின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுத்திருந்தால் இரண்டையும் தூக்கியிருக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2023இல் பாடகி எஃப்கேஏ ட்விக்ஸ் நடித்த, கெல்வின் க்ளைன் என்ற உடைக் கம்பெனியின் போஸ்டர் ஒன்றுக்கு வந்த புகார்கள் இரண்டே இரண்டு. 2024 ஜனவரியில் அது பெண்ணை வெறும் காமப் பொருளாகக் காட்டுகிறது என்று தடை வந்தது. ட்விக்ஸ் அதை ஏற்கவில்லை. மற்ற விளம்பரங்களுக்கு ஒரு அளவுகோல், தனக்கு ஒரு அளவுகோலா என்று பகிரங்கமாகக் கேட்டார். ஒரு கறுப்பினப் பெண் தன் உடலைப் பெருமையோடு முன்வைப்பதை வேறு விதமாகப் பார்த்துவிட்டார்கள் என்ற வாதம் அதில் இருந்தது. மார்ச்சில் அதே குழு தன் தீர்ப்பைத் திருத்தியது. காமப் பொருளாகக் காட்டுகிறது என்ற பகுதியைக் கைவிட்டது. எல்லாரும் பார்க்கும் தெருவில் வைக்கத் தகுந்ததல்ல என்பதை மட்டும் நிறுத்திக்கொண்டது. அதே படம், அதே குழு, இரண்டு மாத இடைவெளி. அவர்களை மறுபடி பார்க்க வைத்தது படத்தில் இருந்த பெண்ணின் பேச்சு. அப்படிப் பேசக்கூடிய பிரபலம் இல்லாத ஒருவருடைய படமாக இருந்திருந்தால் முதல் தீர்ப்பே நின்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். குழுவில் இருப்பவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பது முக்கியமா என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த வழக்கைத்தான்.

தொழில்காரர்களை அடியோடு வெளியே அனுப்பச் சொல்கிறீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. சென்னையில் ஒரு ஏஜென்சியில் கொஞ்சகாலம் விளம்பர வாசகம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். விளம்பரத்தில் பச்சைப் பொய் அபூர்வம். பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று கிளையன்ட்டின் வக்கீலுக்குத் தெரியும். ஏமாற்று வேலை நடப்பதெல்லாம் பக்கத்தின் அடியில், நட்சத்திரக் குறியிட்டு ஆறு பாயின்ட் எழுத்தில். 'நம்பர் 1' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எந்தப் பிரிவில் நம்பர் 1, எந்த மூன்று மாதத்தில், எந்த ஊர்களில், யார் எடுத்த கணக்கு என்பது கீழே. அந்தப் பிரிவே அந்த ஒரு பொருளுக்காக உருவாக்கப்பட்டதாகவும் இருக்கும். முகப்பூச்சு விளம்பரத்தில் 'முன்', 'பின்' படங்களுக்கு விளக்கை எங்கே வைத்தார்கள் என்பதைப் பேராசிரியரால் கண்டுபிடிக்க முடியாது. ஸ்டுடியோவில் நின்றவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். அந்த ஆள் குழுவில் வேண்டும். தீர்ப்புச் சொல்ல அல்ல, 'இங்கே பாருங்கள்' என்று விரலை நீட்ட.

நீதிபதிகள் பற்றி: மேல்முறையீட்டுக்கு அவர்கள் சரி. அங்கே பார்க்க வேண்டியது நடைமுறை ஒழுங்காக இருந்ததா, இரு தரப்பையும் கேட்டார்களா என்பது. முதல் விசாரணையில் பார்க்க வேண்டியது வேறு. இந்த விளம்பரத்தைப் பார்க்கிற சாதாரண ஆள் இதிலிருந்து என்ன புரிந்துகொள்வார்? முப்பது வருடம் சட்டப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தவரிடம் இதைக் கேட்டால், அவர் அடிக்குறிப்பையும் சேர்த்துப் படித்துவிட்டு 'எல்லாம் தெளிவாகத்தானே போட்டிருக்கிறார்கள்' என்பார்.

ஆக எல்லாப் பக்கமும் சுற்றிவிட்டு நான் வந்து நிற்கிற இடம் இது. உறுப்பினர் தொழிலுக்கு உள்ளேயா வெளியேயா என்பது இரண்டாவது கேள்வி. விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுகிற வர்க்கத்திலிருந்து யாராவது அந்த மேசையில் இருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. பிரிட்டனின் லார்டுகளும், மும்பைக் குழுவின் டாக்டர்களும் பேராசிரியர்களும் மூட்டுவலித் தைலத்தை டிவியில் பார்த்து ஃபோன் செய்து வாங்குகிறவர்கள் அல்ல. 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்ற கல்லூரி விளம்பரத்தை நம்பி நகையை அடகு வைப்பவர்களும் அல்ல. மும்பை அமைப்புக்கு வரும் வழக்குகளில் கல்வி, மருத்துவ விளம்பரங்கள் பல வருடங்கள் முன்வரிசையில் இருந்திருக்கின்றன. அவற்றில் ஏமாறுகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை, மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர், பியூட்டி பார்லர் நடத்துபவர், நாளிதழில் வரிவிளம்பரம் வாங்குகிற கவுன்டரில் உட்கார்ந்திருந்தவர். என்னைக் கேட்டால் இவர்களுக்குத் தலா ஒரு நாற்காலி போடுவேன். கடைசியாகச் சொன்னவருக்கு இரண்டு கூடப் போடலாம். எந்த விளம்பரம் எத்தனை தடவை பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நீங்கள் சேர்த்துப் பார்த்திருக்கலாம். பிரிட்டனில் 1974இல் நுகர்வோர் அமைச்சர் ஷெர்லி வில்லியம்ஸ் எச்சரித்த பிறகு ஒரு ஏற்பாடு செய்தார்கள். விளம்பர இடத்துக்குச் செலவாகும் தொகையில் 0.1 சதவீதம், அதாவது ஆயிரம் பவுண்டுக்கு ஒரு பவுண்டு, தனியான ஒரு நிதி அமைப்புக்குப் போகும். அங்கிருந்து ஏ.எஸ்.ஏ.வுக்கு வரும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது தீர்ப்புச் சொல்கிறவர்களுக்குத் தெரியாது. மும்பையில் உறுப்பினர் சந்தாவில் ஓடுகிறது. ஆட்களை மாற்றுவதைவிட இதை மாற்றுவதற்குத்தான் நான் முதலில் கொடி பிடிப்பேன்.

நிலையான குழுவைவிட வெளியே ஒரு ஆள் அதிகம் சாதிக்க முடியும் என்பதற்கு, நோய்களைக் குணமாக்கும் என்று பதஞ்சலி நிறுவனம் செய்த விளம்பரங்களின் விவகாரம் இருக்கிறது. இந்திய மருத்துவச் சங்கம் 2022இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆனால் கேரளத்தில் ஒரு கண் மருத்துவர், எந்தக் குழுவிலும் இல்லாதவர், 1954ஆம் வருடத்து மருந்து மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடாமல் புகார் எழுதினார், தகவல் அறியும் சட்டத்தில் கேள்வி கேட்டார். 2024இல் நிறுவனத்தார் நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டு நாளிதழ்களில் விளம்பரம் போடும் நிலைக்கு வந்தார்கள்.

இனி உங்கள் நீட் விளம்பரம். இதை மும்பைக்கும் எழுதலாம். ஆனால் நான் முதலில் எழுதச் சொல்வது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு. 2019 சட்டப்படி அமைந்து 2020இல் செயலுக்கு வந்தது. அங்கே குழு கிடையாது, அதிகாரிகள்தான். உங்களுக்கு அது பிடிக்குமோ பிடிக்காதோ, பத்து லட்சம் வரை அபராதம் போட முடியும், திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம். மும்பை அமைப்புக்கு அபராதம் போடும் அதிகாரம் இல்லை. டெல்லி ஐஏஎஸ் பயிற்சி மையங்கள் பலவற்றுக்கு இந்த ஆணையம் அபராதம் போட்டிருக்கிறது. காரணம் என்ன தெரியுமா? தேர்ச்சி பெற்றவர்களின் படம் பொய்யில்லை. அவர்கள் உண்மையாகவே அந்த மையத்துக்கு வந்தவர்கள்தான். பலர் வந்தது இலவச மாதிரி நேர்காணலுக்கு மட்டும். அந்தத் தகவலை மறைத்து, ஒரே ஆளைப் பல மையங்கள் தங்கள் மாணவர் என்று போட்டன. உங்கள் ஊர் மாணவி விஷயத்திலும் இது நடந்திருக்கலாம். ஒரு மையத்தில் முழு வருடம், இன்னொன்றில் ஒரு மாதிரித் தேர்வு. இந்தத் துறைக்கான விதிகளை ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அவற்றைத் தயாரித்த குழுவில் பயிற்சி மையத்தார்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் எழுதினார்கள். தேர்ச்சி பெற்றவர் என்ன பாடம் எடுத்தார், எத்தனை காலம் படித்தார், பணம் கட்டினாரா என்பதைப் படத்துக்குப் பக்கத்திலேயே, விளம்பரத்தில் இருக்கும் மற்ற முக்கிய எழுத்துகளின் அளவிலேயே போட வேண்டும் என்கிறது அது. அடிக்குறிப்பில் ஒளிக்க முடியாது.

எழுதும்போது இரண்டு விளம்பரங்களையும் முழுப் பக்கமாக, நாளிதழின் பெயர், தேதி, பதிப்பு தெரியும்படி படமெடுத்து இணையுங்கள். வெட்டியெடுத்த துண்டை அனுப்பினால் 'எப்போது வந்தது' என்ற கேள்வியிலேயே ஒரு மாதம் போய்விடும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் பதிவு செய்யலாம். அந்த மாணவியின் வீட்டாரிடம் பேச முடிந்தால் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். படத்தைப் போட அவர்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டார்களா, தேர்வு முடிவு வருவதற்கு முன்பா பின்பா என்று. முடிவு வந்த பிறகு எழுத்துப்பூர்வமாக வாங்கிய சம்மதம்தான் செல்லும் என்பதும் அந்த விதிகளில் இருக்கிறது.