அணைக்கும்போது ஸ்பீக்கரில் வரும் ‘டப்’ சத்தத்துக்குப் பயந்து ஆம்ப்ளிஃபயரை அணைக்காமல் விடலாமா?

வேண்டாம், இரவில் அணைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் மின்தேக்கிகளுக்கு (கெப்பாசிட்டர்) சூடுதான் எதிரி. வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். பாட்டு ஓடாதபோது மேல்மூடியைத் தொட்டுப் பாருங்கள், புரியும். சூடாகி ஒளிரும் கண்ணாடிக் குழாய்களில் இயங்கும் வால்வ் ஆம்ப் என்றால் பேச்சே இல்லை, கேட்காத நேரத்தில் அணைத்தே ஆக வேண்டும்.

நீங்கள் சொல்லும் ‘டப்’ பெரும்பாலும் அணைக்கும் வரிசையால் வருவது. பிளேயரையோ, ஆம்புக்கு முன்னால் இணைக்கும் ப்ரீஆம்பையோ முதலில் அணைத்தால், அதிலிருந்து கிளம்பும் மின்துடிப்பை ஆம்ப் பெருக்கி அப்படியே ஸ்பீக்கருக்குத் தள்ளிவிடும்.

இன்றிரவு ஆம்பை முதலில் அணையுங்கள், ஒரு நிமிடம் கழித்து மற்றவை. போடும்போது ஆம்ப் கடைசி.

ஆம்பை அணைத்து, உள்ளீட்டு வயர்களையெல்லாம் கழற்றிவிட்டுப் போட்டாலும் சத்தம் பலமாக வருகிறதா? அப்படியானால் கோளாறு ஆம்புக்குள்ளேயே இருக்கலாம். ஸ்பீக்கர் போவதற்குள் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.