மூன்று குதிரைக்கு மேல் கூடாது

அன்புள்ள ஐயா,

கொரியத் தொடர்களின் ரசிகை நான். சில்லா நாட்டு ராணி சொந்தொக்கின் கதையைப் பார்த்து முடித்த கையோடு வரலாற்றைத் தேடினேன். அவர் நிஜமாகவே 632இல் அரியணை ஏறியிருக்கிறார். அவருக்குப் பின்னும் ஒரு ராணிதான். ஏழாம் நூற்றாண்டிலேயே பெண்ணைச் சமமாக மதித்த நாடு என்று இதைச் சொல்லலாமா? தோழிகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

ராணிகள் இருந்தது உண்மை, அதற்குச் சிரிக்க வேண்டியதில்லை. ஆனால் காரணம் நீங்கள் நினைப்பது அல்ல.

சில்லாவில் ஒருவரின் இடத்தை முடிவு செய்தது எலும்பு, அதாவது பிறந்த குலம். 'கோல்பும்' என்று பெயர். உச்சியில் புனித எலும்பு, அரியணை இவர்களுக்குத்தான். அடுத்தது மெய் எலும்பு. அதன் கீழே 'தலை' என்ற படிகள், ஆறாம் தலை, ஐந்தாம் தலை, நான்காம் தலை என்று இறங்கிக்கொண்டே போகும். சொந்தொக்கின் தந்தை சின்பியோங் 53 ஆண்டுகள் ஆண்டார். மகன் இல்லை. புனித எலும்பில் ஆண் வாரிசே மிச்சமில்லை. மெய் எலும்பில் ஆண்களுக்குப் பஞ்சம் கிடையாது, ஆனால் அவர்களை உட்கார வைக்க மனம் வரவில்லை. அதைவிடப் பெண்ணே மேல் என்று முடிவானது. இரண்டாவது ராணியும் 654இல் இறந்து அந்த வரிசை அற்றுப்போன பிறகுதான் மெய் எலும்புக்காரர் ஒருவர் மன்னரானார்.

ஆண்கள் இதைச் சும்மா ஏற்றுக்கொள்ளவும் இல்லை. 647இல் பிதாம் என்ற பிரபு, பெண்ணால் ஒழுங்காக ஆள முடியாது என்று சொல்லியே கலகம் செய்தார். ராணியின் கோட்டைப் பக்கம் ஒரு நட்சத்திரம் விழ, படை மிரண்டுவிட்டது. தளபதி கிம் யூசின் பொம்மை ஒன்றுக்குத் தீ வைத்துப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு, விழுந்த நட்சத்திரம் திரும்ப மேலே போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்ல வைத்தாராம். கலகம் அடங்கியது, ராணி அதற்குள் இறந்துவிட்டார். 1145இல் 'சாம்குக் சாகி' என்ற கொரிய வரலாற்று நூலைத் தொகுத்த கிம் புசிக்குக்கும் மனம் ஆறவில்லை. ஒரு கிழவியை அந்தப்புரத்திலிருந்து வெளியே விட்டு நாடாள வைத்தார்களே, நாடு அழியாமல் தப்பியது அதிர்ஷ்டம்தான் என்று எழுதிவைத்தார். கன்பூசியம் படித்த மனிதர், வேறென்ன எழுதுவார்!

எலும்பு என்பது அரண்மனைச் சமாசாரம் மட்டுமல்ல. 834இல் மன்னர் ஹுங்தொக் போட்ட ஆணை அதே நூலில் இருக்கிறது. மெய் எலும்புக்காரர் வீட்டில் ஓர் அறை 24 அடிக்கு மேல் போகக் கூடாது. ஆறாம் தலைக்கு 21, ஐந்தாம் தலைக்கு 18, அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 15. அவர்கள் கணக்கில் அடி. லாயத்தில் ஆறாம் தலைக்காரர் ஐந்து குதிரை கட்டலாம், ஐந்தாம் தலைக்காரர் மூன்று, நான்காம் தலைக்காரர் இரண்டு. காசு இருக்கிறதே என்று நான்காவதாக ஒன்றை வாங்கிவந்தால் ஐந்தாம் தலைக்காரருக்கு அது குற்றம். பெண்கள் தலையில் செருகும் சீப்புக்கும் கொண்டை ஊசிக்கும்கூட எலும்புவாரியாக விதி உண்டு. சமத்துவம் பற்றிக் கேட்டீர்களே, இந்தச் சீப்பு விதியைத் தோழிகளுக்குச் சொல்லுங்கள்.

எனக்கு இந்த வரலாற்றில் பிடித்தவர் ராணி அல்ல, சொல் கெதூ. நண்பர்கள் நாலு பேரோடு குடித்துக்கொண்டிருந்தபோது, இங்கே ஆளை எடுப்பதற்கு எலும்பைப் பார்க்கிறார்கள், எவ்வளவு திறமை இருந்தாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது என்று புலம்பினார். புலம்பலோடு நிற்கவில்லை. 621இல் யாருக்கும் தெரியாமல் கப்பலேறிச் சீனாவுக்குப் போய்விட்டார். தாங் பேரரசர் தைசோங், சில்லாவுக்கு வடக்கே இருந்த கொகுர்யோ நாட்டின் மீது படையெடுத்தபோது அந்தப் படையில் முன்னால் நின்று சண்டையிட்டுச் செத்தார். இவன் யார் என்று கேட்ட பேரரசரிடம் சில்லாக்காரன் என்றார்கள். அவர் அழுது, தன் மேலங்கியைக் கழற்றி உடல்மீது போர்த்தச் சொன்னாராம்.

அது 645. சில்லாவில் அப்போது ஆட்சியில் இருந்தவர் உங்கள் சொந்தொக்தான்.