பர்கர் விலையைப் பார்க்கும்போது எடையையும் பாருங்கள்

கேள்வி: பரீட்சை முடிந்தால் பிள்ளைகளை மாலில் உள்ள ஒரு பர்கர் கடைக்கு அழைத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கம். மூன்று வருடத்துக்கு முன்பு நான்கு பேருக்கு 650 ரூபாய் ஆனது. போன மாதம் 1,040. பர்கர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது, ஃப்ரைஸ் பெட்டி பாதிதான் இருக்கிறது. இதைத் தட்டிக்கேட்கச் சட்டம் உண்டா? (மதுரை வாசகர்)

பதில்: விலை கூடிவிட்டது என்பதற்காக மட்டும் கேட்க முடியாது. பிஸ்கட் பாக்கெட்டில் இருப்பது போன்ற எம்.ஆர்.பி. சமைத்துத் தரும் உணவுக்குக் கிடையாது. ஆனால் அளவு விஷயத்தில் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கடை நடத்தும் உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்துக்கும் கலோரியையும், ஒரு முறை பரிமாறும் அளவையும் மெனுவில் போட வேண்டும். இது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி, 2022 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. கவுன்டருக்கு மேலே உள்ள பலகையிலோ மெனு அட்டையிலோ பொடி எழுத்தில் இருக்கும். கண்ணில் படாவிட்டால் கேளுங்கள்.

அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி ஒன்று எடுங்கள். உதாரணத்துக்கு, 160 கிராம் பர்கர் 120 ரூபாய் என்றால் 100 கிராம் 75 ரூபாய். அதுவே 140 கிராமாகி 129 ரூபாய் ஆனால், பலகையில் ஏறியது 9 ரூபாய்தான். ஆனால் 100 கிராமுக்குக் கணக்குப் போட்டால் 92 ரூபாய். நீங்கள் சொல்லும் 'சின்னதாகிவிட்டது' என்ற வருத்தம் இப்படி எண்ணாக மாறினால்தான் கடை மேலாளரிடமும் பேச முடியும், புகாரும் எழுத முடியும்.

ஃப்ரைஸ் விஷயம் வேறு. போன மாதம் ஒரே கடையில் நடுத்தர அளவில் மூன்று பெட்டி வாங்கி வந்து வீட்டுத் தராசில் வைத்தேன். ஒன்று 84 கிராம், ஒன்று 97, ஒன்று 110. மூன்றுக்கும் ஒரே விலை. அந்த அட்டைப் பெட்டியைக் கவனியுங்கள்: முதுகுப்பக்கம் உயரம், முன்பக்கம் தணிவு. நீளமான ஏழெட்டுத் துண்டுகளை நட்டு வைத்தாலே நிறைந்த மாதிரி தெரியும். அதனால் வாங்கின இடத்திலேயே பெட்டியை லேசாகத் தட்டிப் பாருங்கள். இறங்கினால், "கொஞ்சம் நிரப்பிக் கொடுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், காசு கொடுத்த பண்டம்தானே.

சரி, விலை ஏன் ஏறுகிறது? வாடகை, கூலி எல்லாம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. நம் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2024 செப்டம்பரில் அதற்கு வரி கூடியது, எண்ணெய் விலையும் ஏறியது. ஆனால் 2025 மே கடைசியில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய் வகைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 10 ஆனது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் வெண்ணெய், சீஸுக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 ஆனது. நம்மிடம் 5 சதவீத ஜி.எஸ்.டி. வாங்கும் உணவகம், உள்ளீட்டு வரியை, அதாவது பொருள் வாங்கும்போது தான் கட்டிய வரியை, கழித்துக்கொள்ள முடியாது என்பதால், இந்தக் குறைவு அவர்களுக்கு நேரடி மிச்சம். என் வருத்தமெல்லாம் இதில்தான்: ஏறும்போது ஓடி வருகிற விலை, இறங்க வேண்டிய நேரத்தில் அசைவதில்லை.

இது புதிதும் அல்ல. 2017 நவம்பரில் உணவக ஜி.எஸ்.டி. 18லிருந்து 5 ஆனபோது, மெக்டொனால்ட்ஸ் கடைகளை மேற்கிலும் தெற்கிலும் நடத்தும் ஹார்ட்காசில் நிறுவனம் அடிப்படை விலையை ஏற்றியது. உள்ளீட்டு வரிச் சலுகை போய்விட்டதால் ஏற்றினோம் என்றார்கள். அதையும் கழித்துப் பார்த்தபிறகு 7.49 கோடி ரூபாய் அதிகமாக வாங்கியிருக்கிறார்கள் என்று கொள்ளை லாபத் தடுப்பு ஆணையம் 2018ல் உத்தரவிட்டது.

அப்புறம், காம்போ. அதில் சேரும் குளிர்பானம்தான் கடைக்கு மிகவும் மலிவு, கப்பில் பாதி ஐஸ். பிள்ளைகள் கேட்காவிட்டால் பர்கரை மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: ஆப்பில் 'பாதி விலை' என்று போட்ட பீட்சாவை வாங்கினேன். கடைசியில் கடையில் வாங்குவதைவிட அதிகம் வந்துவிட்டது. எப்படி? (திருச்சி வாசகி)

பதில்: பாதி விலை எந்த விலையில் பாதி என்று பாருங்கள். ஆப் நிறுவனத்துக்குக் கமிஷன் கொடுக்க வேண்டியிருப்பதால், பல கடைகள் ஆப்பில் விலையைக் கூட்டித்தான் போடுகின்றன. அதன்மேல் பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம். இந்த பிளாட்ஃபார்ம் கட்டணம் 2023ல் ஸ்விக்கி, சொமேட்டோ இரண்டிலும் ஆர்டருக்கு 2 ரூபாய் என்று ஆரம்பித்தது. 2025ல் 10 ரூபாயைத் தாண்டிவிட்டது. டெலிவரி கட்டணத்துக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. பணம் கட்டும் முன் கடைக்கு ஒரு போன் போட்டு கவுன்டர் விலையைக் கேளுங்கள். நடக்கிற தூரம் என்றால் நேரில் போய் வாங்குவதுதான் லாபம்.

கேள்வி: எங்கள் தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் கடையில் சிக்கன் ரைஸ் 90லிருந்து 120 ஆனது. அது போகட்டும், இப்போது பில்லில் 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்க்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா பாருங்கள். 15 இலக்கம், தமிழ்நாடு என்றால் 33 என்று தொடங்கும். எண் இல்லை என்றால் வரி கேட்க உரிமை இல்லை. எண் இருந்தும், சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் 'காம்போசிஷன்' திட்டத்தில் உள்ள கடை என்றாலும், வரியை அவர்தான் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், உங்களிடம் தனியாக வாங்கக் கூடாது. அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

சின்ன கடைக்காரர் என்பதால் முதலில் நேரில் சொல்லிப் பாருங்கள். சிலர் பில் மெஷின் விற்றவர் செட் பண்ணிக் கொடுத்ததை அப்படியே விட்டிருப்பார்கள். கேட்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புகாருக்கு அதுதான் ஆதாரம்.