ஒன்றும் ஆகவில்லை

ஐயா, வணக்கம். குன்னூரில் பிறந்தவன், இப்போது பெங்களூரில் வேலை. இரண்டு குளிர்காலம் காஷ்மீரின் குல்மார்க் போய் ஸ்னோபோர்டு (பனியில் சறுக்கும் பலகை) கற்றுக்கொண்டேன். வரும் ஜனவரியில் நண்பர்கள் நாலு பேர் கொண்டோலா கேபிள் காரில் அபர்வத் மலை வரை ஏறி, பாதுகாப்புக் குழு ரோந்து போகும் எல்லைக்கு வெளியே சறுக்கி இறங்கத் திட்டம். பனிச்சரிவுப் பாதுகாப்பு வீடியோக்கள் நிறையப் பார்த்துவிட்டேன். பனியில் புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி பீக்கன், அதில் எது வாங்கலாம்? சரியும் பனியில் மேலே மிதக்க உதவும் ஏர்பேக் பை தேவையா? போன தடவையும் மற்றவர்கள் போன தடத்தில் கொஞ்சம் வெளியே போனோம், ஒன்றும் ஆகவில்லை. மலைக்காரன்தானே, மலை எனக்குப் புதிதல்ல.
ம., குன்னூர்

அன்புள்ள தம்பிக்கு,

பீக்கன் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். மூன்று ஆன்டெனா உள்ள எந்த நல்ல டிஜிட்டல் பீக்கனும் சரிதான், எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸில்தான் இயங்குகின்றன. ஏர்பேக் உங்கள் பர்ஸைப் பொறுத்தது. ஆனால் நாலு பேரிடமும் பீக்கன், பனியில் குத்தித் தேடும் கம்பியான புரோப், தோண்டும் ஷவல் மூன்றும் இருக்க வேண்டும். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைப்பார் என்று நம்பலாம், அப்புறம் வாய்ப்பு மளமளவென்று குறையும். கீழேயிருந்து மீட்புக்குழு வரும்வரை அந்த நேரம் காத்திருக்காது. உங்களைத் தோண்டப்போவது உங்கள் நண்பர்கள்தான். அவர்கள் பழகியிருக்கிறார்களா என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

கடைசி இரண்டு வரியைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது.

2009 நவம்பரில் நீங்கள் சின்னப் பையன். நம் நீலகிரியில், கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை. மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேல் செத்துப்போனார்கள். அதற்கு முந்தைய ஒரு மழைக்காலத்தில் கோத்தகிரி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஒரு வளைவில் கல்லும் செம்மண்ணும் ரோட்டில் வழிந்து கிடந்தன, மேலேயிருந்து இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, “அண்ணா, வேண்டாங்க, இங்கயே நிறுத்துங்க” என்றார். உள்ளே ஒரே கூச்சல். தினம் போற ரோடுதானே என்றார் ஒருவர். முன்னாடி ஜீப் போச்சே என்றார் இன்னொருவர். ஒரு குடும்பத்துக்கு முகூர்த்தம் தவறிவிடுமாம். டிரைவர் ஓட்டினார். ஒன்றும் ஆகவில்லை. கோத்தகிரி வரைக்கும் அந்தக் கண்டக்டரைக் கிண்டல் செய்துகொண்டே வந்தார்கள். அடுத்த மழையில் அவர் வாயைத் திறப்பாரா?

கொஞ்ச நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மலை மோசமான வாத்தியார், தப்பான விடைக்கும் பாஸ் மார்க் போடும். நாமோ அதை அனுபவம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

பனியிலும் இதே கதைதான். சரியும் பனி பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சாய்வில் கிளம்புகிறது, அதாவது நீங்கள் ஆசைப்பட்டு இறங்கும் சரிவுகளில்தான். அடியில் ஒட்டாமல் உதிரும் பழைய பனி, அதன்மேல் காற்று குவித்து இறுக்கிய அடுக்கு. ஒன்பது பேர் அதன்மேல் சுகமாக இறங்கிவிடலாம். பத்தாவது ஆள் மேலடுக்கு மெல்லிசான ஓர் இடத்தை அழுத்தினால் சரிவு முழுவதும் தகடாக உடைந்து வரும். ஆகவே தடம் என்பது முன்னே போனவர் தப்பினார் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. அமெரிக்கப் பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயான் மெக்கேமன் ஒன்றைக் கவனித்தார்: பயிற்சி பெற்றவர்கள்கூடப் பழகிய சரிவுக்கு வந்தால், பயிற்சியே இல்லாதவர்கள் அளவுக்கு ஆபத்தில் இறங்கினார்கள். நீங்கள் குல்மார்க்குக்குப் போனதே இரண்டு குளிர்காலம்! குன்னூரில் பிறந்ததற்கும் காஷ்மீர்ப் பனிக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்று. 1993-இல் குன்னூர் பக்கத்து மரப்பாலத்தில் மண்சரிவில் செத்தவர்கள் யாரும் அந்த மண்ணைக் கிளப்பவில்லை. பனிச்சறுக்கப் போய்ப் பனிச்சரிவில் சாகிறவர்கள் விஷயத்தில் பெரும்பாலும் அதைக் கிளப்புவது அவர்களேதான், இல்லையென்றால் கூட வந்தவர். இது கொடுமைதான், ஆனால் நல்ல செய்தியும்கூட. கிளப்பாமல் இருக்க உங்களால் முடியும்.

வீடியோ போதாது. பனியில் நிற்க வைத்துச் சொல்லித்தரும் பயிற்சியில் நாலு பேரும் சேருங்கள், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் எல்லை தாண்டாதீர்கள். ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைக் காலையில் பாருங்கள். ஐந்து படி அபாய அளவில் மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று தோன்றும். ஐரோப்பாவில் அதிகம் பேர் சாவது அந்த மூன்றில்தான். அப்புறம், நாலு பேரில் யார் வேண்டாம் என்றாலும் காரணம் கேட்காமல் திரும்புவது என்று கீழேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

வீட்டில் அம்மாவுக்குத் தெரியுமா? பயிற்சியில் சேர்ந்ததும் எழுதுங்கள். பீக்கன் படமெல்லாம் அனுப்ப வேண்டாம்.