நாற்காலியில் ஆள் இருக்க வேண்டும்

கேள்வி: ஏமி கோனி பாரெட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்த செனட் (மேலவை) கமிட்டிக் கூட்டத்தில் எதிர்த்தரப்பினர் ஒருவர்கூட இல்லை, காலி நாற்காலிகள்தான் இருந்தன. கோரம் (முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமல் எடுத்த முடிவு எப்படிச் செல்லும்?
- வாசகர், கோவை

பதில்: செல்லும், சென்றும்விட்டது. ஆனால் நீங்கள் சொன்ன அந்தக் காலி நாற்காலிகளை நான் விடுவதாக இல்லை.

2020 அக்டோபர் 22 அன்று ஜனநாயகக் கட்சியின் பத்து உறுப்பினர்களும் கமிட்டியைப் புறக்கணித்தார்கள். அவர்களுடைய நாற்காலிகளில் பெரிய புகைப்படங்களை வைத்திருந்தார்கள். பாரெட் வந்து ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் போய்விட்டால் திண்டாடப்போகும் சாதாரண மக்களின் படங்கள். பார்க்க உருக்கமாகத்தான் இருந்தது. ஆனால் படம் ஓட்டுப் போடாதே! கணக்கில் ஏறியது 12-0. நான்காம் நாள் முழு செனட்டும் 52-48 என்று முடித்துவிட்டது. வந்து உட்கார்ந்து எதிர்த்திருந்தால் 12-10 என்று தோற்றிருப்பார்கள். ஆனால் அந்தப் பத்து எதிர்ப்பும் கமிட்டியின் பதிவேட்டில் இருந்திருக்கும். வெளிநடப்பு எனக்கு எந்த நாட்டிலும், எந்தக் கட்சி செய்தாலும் பிடிக்காது என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

சரி, கோரம். முடிவெடுக்க ஒன்பது பேர் வேண்டும், அதில் இரண்டு பேராவது சிறுபான்மைக் கட்சியினராக இருக்க வேண்டும் என்பது அந்தக் கமிட்டியின் விதி. கமிட்டித் தலைவர், குடியரசுக் கட்சியின் லிண்ட்சே கிரகாம் அதைத் தாண்டிப் போனார். பாதிக்கு மேல் உறுப்பினர்கள் நேரில் இருக்க வேண்டும் என்ற செனட்டின் பொது விதிக்கு 22-ல் 12 போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு சபையும் தன் நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்று அரசியல் சாசனம் சொல்கிறது. ஆக, சிறுபான்மைக்குப் பாதுகாப்பாக எழுதிவைத்த விதி, பெரும்பான்மை மனது வைக்கும்வரைதான் நிற்கும். எனக்குக் கோபம் இதில்தான்.

அரசியல் சாசனமே கேட்கும் கோரம் வேறு. சபையில் பாதிக்கு மேல் இருந்தே ஆக வேண்டும். அதை எந்தத் தலைவரும் தள்ளிவைக்க முடியாது. 1988 பிப்ரவரியில் தேர்தல் செலவு மசோதாவை முடக்குவதற்காகக் குடியரசுக் கட்சி செனட்டர்கள் கூண்டோடு மறைந்தார்கள். பெரும்பான்மைத் தலைவர் ராபர்ட் பேர்ட், வராதவர்களைக் கைது செய்து கொண்டுவரத் தீர்மானம் போட்டார். ஓரிகன் செனட்டர் பாப் பேக்வுட் தன் அலுவலகக் கதவுக்கு ஒரு கனத்த நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே இருந்தார். போலீஸ் தள்ளித் திறந்ததில் அவருக்கு விரலில் அடி. பிறகு நடுராத்திரியில் அவரைத் தூக்கிக்கொண்டு போய், கால் முன்னே தலை பின்னே என்று சபைக்குள் இறக்கினார்கள். கோமாளித்தனம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கோரம் இல்லையென்றால் ஆளைத் தேடிப் போக வேண்டும் என்று அன்றைய பெரும்பான்மை நினைத்தது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

அப்புறம், டயான் ஃபைன்ஸ்டைன். 2020 கமிட்டியில் ஜனநாயகக் கட்சியினருக்குத் தலைமை வகித்தவர். விசாரணை முடிந்த நாளில் கிரகாமைப் பாராட்டிக் கட்டியணைத்தார். சொந்தக் கட்சியே கொதித்தது. 2023-ல் அவர் அக்கிப் புண்ணால் படுத்துவிட, ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாக 11-10 என்றிருந்த கமிட்டி 10-10 ஆனது. கமிட்டியில் சமநிலை என்றால் தோல்விதான். முழு செனட்டில் போலத் துணை ஜனாதிபதி வந்து ஓட்டுப் போட முடியாது. மறுதரப்பிலிருந்து ஒரு ஓட்டுகூடக் கிடைக்காத நீதிபதி நியமனங்கள் அப்படியே நின்றன. பத்துப் பேர் வராதபோது நிற்காத கமிட்டி, ஒருவர் வராததற்கு நின்றது! தற்காலிகமாக வேறொருவரை அமர்த்தலாம் என்று ஜனநாயகக் கட்சி கேட்டபோது, சபையில் எழுந்து மறுத்தவர் யார் தெரியுமா? அதே கிரகாம். மறுக்க அவருக்கு விதிப்படி உரிமை உண்டு. 2020-ல் விதி எங்கே போயிருந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.