ராகு காலம் போதாது

கேள்வி: அரைக் கிலோ ஆட்டுக் கொத்துக்கறி, ஒரு கிலோ தக்காளி, கேரட், பூண்டு எல்லாம் போட்டு, குக்கரில் ஐந்து விசில் விட்டு இத்தாலிய இறைச்சி சாஸ் செய்தேன். ரசம் போல ஓடியது. கறி ரப்பர் மணிகளாக மிதந்தது. 'தக்காளிச் சாறு நன்றாக இருக்கிறது' என்கிறான் என் மகன். எங்கே தப்பு?
(வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் மகனுக்கு நாக்கு சரியாகத்தான் இருக்கிறது, அம்மா. நீங்கள் செய்தது தக்காளிச் சாறேதான்.

அந்த சாஸின் சொந்த ஊர் பொலோன்யா. அங்கே அதற்குப் பெயர் ராகூ. இத்தாலியச் சமையல் கழகம் 1982இல் அதன் செய்முறையை அந்த ஊர் வணிகச் சபையில் முறைப்படி பதிவே செய்தது. 2023இல் திருத்தியும் பதிந்தது. திருத்திய கணக்கில் 400 கிராம் மாட்டுக்கறிக்கு 150 கிராம் பன்றிக் கொழுப்புக்கறி, தக்காளிக் கூழ் வெறும் 200 கிராம். பூண்டு கிடையாது. கறிதான் சாஸ், தக்காளி அதற்குத் துணை. நீங்கள் கறியைத் துணைக்கு அனுப்பிவிட்டீர்கள்.

அடுத்த குற்றவாளி குக்கர். உள்ளே இருக்கும் தண்ணீரைக் காபந்து பண்ணுவதுதான் அதன் வேலை. ராகூவுக்கோ தண்ணீர் வெளியேற வேண்டும். நானும் முதல் தடவை அவசரப்பட்டு மூன்று விசில் விட்டவன்தான். அன்று என் வீட்டில் எல்லோரும் தயிர்ச்சாதம் சாப்பிட்டார்கள்.

அடிகனமான வாணலி எடுங்கள். வெங்காயம், கேரட், செலரித் தண்டு மூன்றையும் கடுகை விடச் சற்றே பெரிதாக அரிந்து, எண்ணெயும் வெண்ணெயும் விட்டுச் சிறுதீயில் கால் மணி நேரம் வதக்குங்கள். சிவக்கக் கூடாது, குழைய வேண்டும். செலரி கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். கொத்தமல்லித் தண்டைப் போட்டால் குருமா வாசனை வந்துவிடும். பிறகு காய்களை எடுத்து வைத்துவிட்டு, தீயைக் கூட்டி, கறியை இரண்டு ஈடாகப் போடுங்கள். இங்கே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முதலில் கறி நீர் விட்டுச் சளசளவென்று கொதிக்கும். நீர் வற்றியதும் அந்தச் சத்தம் மாறிச் சடசடவென்று பொரியத் தொடங்கும். அதுவரை கரண்டியைக் கீழே வையுங்கள். சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டுகிறதே, அதில்தான் ருசி முழுவதும் இருக்கிறது. அரை டம்ளர் ஒயின் ஊற்றி அதைச் சுரண்டிக் கரைப்பது அவர்கள் வழக்கம். ஒயின் புழங்காத வீட்டில் எலும்புச் சாறு போதும்.

காய்களைத் திரும்பச் சேர்த்து, கால் கிலோ தக்காளியை அரைத்து ஊற்றி, மூடியைச் சற்றே திறந்து வைத்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழி எழும் தீயில் விடுங்கள். ராகு காலம் ஒன்றரை மணி நேரம். இந்த ராகூவுக்கு அதுவும் போதாது, இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. வற்ற வற்றச் சூடான எலும்புச் சாறு ஒரு கரண்டி. கடைசி அரை மணியில் ஒரு டம்ளர் பால், கொஞ்சம் கொஞ்சமாக. கறியில் பாலா என்று முகம் சுளிக்காதீர்கள், தக்காளியின் புளிப்பை அது அடக்கும். 1982 செய்முறையிலேயே பால் உண்டு. எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, கரண்டியால் கோடு இழுத்தால் சட்டியின் அடி ஒரு கணம் தெரிந்து மறைய வேண்டும். அப்போது அடுப்பை அணையுங்கள்.

கேள்வி: இதை ஸ்பகெட்டியோடுதானே சாப்பிட வேண்டும்?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: பொலோன்யாவில் அப்படிக் கேட்டால் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள். அங்கே முட்டை சேர்த்துப் பிசைந்த தட்டையான நாடாவான தாலியதெல்லேதான் இதற்கு ஜோடி. வழவழப்பான ஸ்பகெட்டியில் கறி ஒட்டாமல் தட்டின் அடியில் தங்கிவிடும். நான் மிச்சத்தை மறுநாள் ஆப்பத்துக்குத் தொட்டுக்கொள்கிறேன். அந்தச் செய்தி பொலோன்யாவுக்குப் போக வேண்டாம்.