டீசல் கலரும் கண்ணுக்குத் தெரியாத படலமும்

கேள்வி: காசிமேடு ஹார்பர்ல போட் பக்கத்துல தண்ணி மேல டீசல் மிதந்தா வானவில் கலரா தெரியுது. கெமிஸ்ட்ரி படிக்கிற என் பொண்ணு, ஒரே ஒரு மூலக்கூறு உசரம் இருக்கிற படலத்தக்கூட வெறும் லைட்ட அடிச்சே ஆராய்ச்சி பண்றாங்கன்றா. நெசமாவா சார்? வீட்ல இதுமாதிரி ஏதாச்சும் பாக்க முடியுமா?
- ஒரு வாசகி, காசிமேடு

பதில்: நெசம்தாம்மா. மொதல்ல டீசல் கதைய பாத்துடுவோம். எண்ணெயோட மேல்பக்கம் பட்டு திரும்புற வெளிச்சமும், அடியில தண்ணிய தொட்டு திரும்புற வெளிச்சமும் ஒண்ணா சேரும்போது சில கலர் தூக்கலாகும், சில கலர் அடங்கிடும், எது எப்படின்றது தடிமனப் பொறுத்தது. ஐரோப்பாவுல கடல்ல எண்ணெய் கொட்டுனா விமானத்துலர்ந்து கலரப் பாத்தே கணக்கு போடுறாங்க, வெள்ளி மாதிரி பளபளன்னா தடிமன் 0.04-லர்ந்து 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), வானவில்னா 0.3-லர்ந்து 5 மைக்ரான்.

உங்க பொண்ணு சொல்றது இதவிட ரொம்ப ரொம்ப மெல்லிசு. ஸ்டியரிக் ஆசிட்னு ஒரு கொழுப்பு அமிலம் தண்ணி மேல ஒத்த அடுக்கா நின்னா உசரம் சுமாரா 2.5 நானோமீட்டர்தான் (நானோமீட்டர்னா மைக்ரான்ல ஆயிரத்துல ஒரு பங்கு), நம்ம கண்ணு பாக்குற வெளிச்சத்தோட அலைநீளமோ 400-லர்ந்து 700 நானோமீட்டர், அப்புறம் எங்க கலர் தெரியும்? அதனால மொதல்ல வெறும் தண்ணி எந்த அலைநீளத்துல எவ்ளோ திருப்பி அனுப்புதுன்னு ஸ்பெக்ட்ரோமீட்டர்ன்ற, வெளிச்சத்த அலைநீளம் வாரியா அளக்குற கருவில எடுத்துக்குறாங்க, அப்புறம் படலத்தோட எடுத்து ரெண்டையும் கழிச்சுப் பாக்குறாங்க. நேரா விழுற வெளிச்சத்துல தண்ணி சுமார் 2 சதவீதம்தான் திருப்பும், அதனால படலம் சேக்குற துளியூண்டு வித்தியாசமும் மாட்டிக்கும். கலர் குடுக்குற சாயத்தோட மூலக்கூறா இருந்தா அது உறிஞ்சுற அலைநீளத்துல கிராஃப்ல ஒரு மேடு வரும். படலத்த பக்கவாட்டுல நெருக்க நெருக்க அந்த மேடு சிவப்பு பக்கம் நகர்ந்துச்சுன்னா, மூலக்கூறுங்க சரிஞ்சு ஒண்ணு பின்னால ஒண்ணா அடுக்குதுன்னு புரிஞ்சிக்கலாம், கை வெக்காமலே! எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே இதான்.

கலரே இல்லாத படலத்துக்கு வேற வழி. குறிப்பிட்ட திசையில அதிர்ற வெளிச்சத்த சுமார் 53 டிகிரி சாய்ச்சு அடிச்சா வெறும் தண்ணி கிட்டத்தட்ட எதையுமே திருப்பாது, படலம் இருக்கிற இடம் மட்டும் பளிச்சுன்னு தெரியும்.

வீட்ல பாக்கணும்னா கம்பி வளையத்த சோப்பு தண்ணில முக்கி, பின்னாடி ஒரு கறுப்பு துணி தொங்கவிட்டு, நேரா நிமித்திப் பிடிங்க. கலரு கோடுகோடா கீழ எறங்கும், உடையுறதுக்கு முன்னாடி மேல கறுப்பா ஒரு பட்டை வரும். அது ஓட்டை இல்லம்மா, படலம் அங்கயும் இருக்கு, ரொம்ப மெல்லிசானதால முன்பக்கம் திரும்புற வெளிச்சமும் பின்பக்கம் திரும்புறதும் ஒண்ண ஒண்ணு அழிச்சிடுது.